பிடரி விருந்து

ரைலிக்குக் குரல் போயிருந்ததை முதலில் கவனித்தது கடைக்காரப் பெண்தான். பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. புது ஈஸ்ட் வந்துவிட்டதா என்று கேட்க ரைலி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டாள் அந்தப் பெண். ரைலி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது, கடைசியாக ஒரு மனிதரிடம் பேசி ஒன்பது நாளாகியிருந்தது. தொண்டையும் எத்தனை நாள்தான் வேலையில்லாமல் சும்மா கிடக்கும்?

ரைலிக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருடம் எங்கள் ஹாப்பபெரா ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டவள். பட்டாணி சூப்பைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிற பிள்ளையைக்கூட இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்ட வைத்துவிடுவாள். அவள் புருஷன் என்சியோ மூன்று வருடத்துக்கு முன்னால் ஏரியிலிருந்து வலையை எடுத்துக்கொண்டு வந்து, படகுத்துறையில் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்தான். அடுத்த வருடமே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை டவுனுக்கு பஸ்ஸில் அனுப்ப ஆரம்பித்தார்கள். சொந்தப் பிள்ளை குட்டி கிடையாது. வீடு, ஒரு காலி லாயம், இரண்டு ஏக்கர் புல்தரை, அவள். அவ்வளவுதான்.

ஊரில் ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தோம். துக்கத்தில் இருப்பவரைப் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த மரியாதையை மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் செய்தோம். இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

அந்த ஈஸ்ட் விவகாரத்துக்குப் பிறகு ரைலி வாரம் இரண்டு தடவை டவுன் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே யாராவது "வணக்கம்" சொல்வார்கள், பதிலுக்கு இவளும் சொல்லலாம் என்பதற்காகத்தான். போன இடத்தில் சும்மா இருக்க முடியாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். அப்படித்தான் ஒரு நாள் அந்தக் குதிரையைப் பார்த்தாள். அயர்லாந்தில், ஓடி முடித்த பந்தயக் குதிரைகளை வைத்துப் பராமரிக்கிற ஒரு காப்பகம். வயது ஒன்பது, பெயர் ரோனன், காயடித்த ஆண் குதிரை, முப்பத்தொரு பந்தயம் ஓடி இரண்டே இரண்டில் ஜெயித்தவன், முன்னங்கால் தசைநார் கிழிந்து நின்றுபோனவன். படத்தில் அவன் லாயத்தின் அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ வரவேண்டியவர் இன்னும் வரவில்லை என்கிற பார்வை. ரைலி நூலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் மாவட்டத்தில் குதிரைக்கா பஞ்சம்? வண்டிப் பந்தயம் ஓடின கிழட்டுக் குதிரையை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று தள்ளிவிட ஆள் உண்டு. பின்னே ஏன் கடல் தாண்டிப் போய்த் தேடினாள்? உள்ளூரில் கேட்டால் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இந்த வயதில் உனக்கெதற்கு என்பார்கள். அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். தனியாக இருக்க முடியவில்லை என்று அயர்லாந்துக்காரனிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஒரு படிவம் அனுப்புவான், நிரப்பி அனுப்பினால் முடிந்தது.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். லாயம் உண்டா, வேலி என்ன உயரத்தில் போடுவீர்கள், தண்ணீர் உறையுமா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் எழுதினாள். ஒன்பதாவது கேள்வி, துணைக்கு வேறு குதிரை இருக்கிறதா என்பது. அதற்கு முன்னால் அவள் வெகுநேரம் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "துணை உண்டு, நாள் முழுவதும்" என்று எழுதினாள். தன்னைத்தான் சொன்னாள். கேட்டது அதுவல்ல என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்துதான் எழுதினாள். அந்த ஒரு வரிதான் பின்னால் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

காப்பகத்துக்குக் கட்டவேண்டிய தொகை சொற்பம். லாரிக்கூலிதான் கழுத்தைப் பிடித்தது. வேறு நான்கு குதிரைகளோடு பங்கு போட்டு, இரண்டு கப்பல் மாறி, ஐந்து நாள் பயணம். என்சியோவின் படகையும் மோட்டாரையும் விற்றாள். வேலிக்குப் புல்தரையோரம் நின்ற பிர்ச் மரங்களையே வெட்டிக் கழி போட்டாள். பந்தயக் குதிரைக்குத் தோல் மெலிசு, எங்கள் குளிரைத் தாங்காது. கடையில் குதிரைக் கம்பளி விற்கிற விலையைப் பார்த்துவிட்டு, காகித ஆலையில் கழித்துப்போட்ட கனத்த கம்பளித் துணியை வாங்கிவந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து கையாலேயே ஒரு போர்வை தைத்தாள். அத்தனை நேர்த்தியான தையலை நான் கல்யாணத் துணியில்கூடப் பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசியில் செய்நயோகி நகரத்துப் பந்தய மைதான வாசலில் லாரி வந்து நின்றது. பெட்ரோல் நிலையத்தில் வாடகைக்கு எடுத்த, குதிரை ஏற்றுகிற இழுவைவண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ரைலி காத்திருந்தாள். ரோனன் பலகையில் இறங்கி வந்தான். படத்தில் பார்த்ததைவிட உயரம். நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு அவள் கழுத்துப் பக்கம் மூக்கைக் கொண்டுவந்து நீளமாக மூச்சு விட்டான். "வாப்பா" என்றாள் ரைலி. குரல் வந்தது.

முதல் மூன்று வாரமும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. காலையில் லாயத்தைக் கூட்டும்போது, மதியம் புல் போடும்போது, மாலையில் காலுக்குத் தைலம் தடவும்போது, வாய் ஓயாது. என்சியோவைப் பற்றிச் சொன்னாள், பள்ளிக்கூடத்து அடுப்பைப் பற்றிச் சொன்னாள், தலைமையாசிரியரின் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரித்தாள். குதிரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்குள் போனாலும் அரைக்கதவில் நின்று சமையலறை ஜன்னலையே பார்த்தது. சாப்பாட்டு மேசையை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவள் சாப்பிட அவன் பார்ப்பான், அவன் நிற்க இவள் பார்ப்பாள். ஒரு ஜீவன் தன்னை இப்படிப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று நினைத்து அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குதிரையை விற்றவன் அதன் பிடரிமயிரை ஒரு பிடி எடுத்து, வாங்கினவன் கையில் வைக்க வேண்டும். வாங்கினவன் ஊரைக் கூப்பிட்டுக் காப்பியும் பன்னும், வசதியிருந்தால் ஒரு மிடறு சாராயமும் கொடுக்க வேண்டும். பிடரி விருந்து என்பார்கள். அது முடிகிறவரை புதுக் குதிரை இருக்கிற வீட்டு முற்றத்தில் யாரும் கால் வைப்பதில்லை. முந்திக்கொண்டு போனால், விருந்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் ரைலி கூப்பிடுவாள் என்று காத்திருந்தோம். காரில் போகும்போது அவள் வேலிப் பக்கம் மெதுவாக ஓட்டினோம். அதோடு சரி.

ரைலிக்கோ இது விருந்து வைக்கிற விஷயமாகவே தோன்றவில்லை. யாரிடமும் பேரம் பேசவில்லை, யாரும் பிடரிமயிரைக் கையில் வைக்கவில்லை. ஓய்ந்துபோன ஒரு குதிரையைக் காப்பகம் கொடுத்தது, இவள் எடுத்துக்கொண்டாள். தத்துப்பிள்ளைக்கு யாராவது வாங்கின விருந்து வைப்பார்களா? குதிரை வந்தால் பார்க்க நாலு பேர் தானாக வருவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சனிக்கிழமைதோறும் ஏலக்காய் பன் சுட்டாள். மேசையில் எட்டுக் கோப்பை எடுத்து வைத்தாள். கார்கள் வேலியோரம் மெதுவாகிப் பிறகு வேகமெடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாயங்காலம் பன்னை எடுத்து உறைபெட்டியில் அடுக்கினாள். கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள் என்று முடிவுகட்டினாள். ஏழு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. உறைபெட்டி மூடவில்லை.

அக்டோபர் நடுவில் ரோனன் புல்லை மிச்சம் வைக்க ஆரம்பித்தான். முதலில் ஒரு கைப்பிடி, பிறகு பாதி, பிறகு முகர்ந்துபார்த்து விட்டுவிடுவான். விடிகாலை ஐந்து மணிக்கே லாயத்துக்குள் சுற்ற ஆரம்பித்துவிடுவான். ஒரே வட்டம், ஒரே பக்கமாக, தரையில் தடம் பள்ளமாகிற வரைக்கும். சுற்றி முடித்தால் கதவில் நின்று தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே இருப்பான். தன்னைக் கண்ட சந்தோஷத்தில் ஆடுகிறான் என்று ரைலி முதலில் நினைத்தாள். பாவம், அவளுக்குக் குதிரையைத் தெரியாது. என்சியோவுக்குத் தெரிந்ததெல்லாம் மீன்தான்.

விட்டுவிடுவாளா? ஆளிவிதையைக் கொதிக்கவைத்துக் கூழ் காய்ச்சினாள். கேரட்டைத் துருவி, ஆப்பிளை வேகவைத்து, ஓட்ஸை வறுத்து, ரை தானிய ரொட்டியைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நீட்டினாள். அவன் மரியாதைக்கு ஒரு வாய் வாங்கிக்கொண்டு, மறுபடி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். நூற்றைம்பது பிள்ளைகளைச் சாப்பிட வைத்த கை, ஒரு குதிரையைச் சாப்பிட வைக்க முடியவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, நான் இன்னும் என்னதான்டா செய்யணும் என்று அவனிடமே கேட்டாள்.

நவம்பர் இரண்டாவது வாரம் இங்கேரி வந்தாள். எங்கள் பகுதிக்கு அவள்தான் கால்நடை மருத்துவர். வயது சின்னது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதி அனுப்பச் சொல்லிக் காப்பகம் அவளைத்தான் ஏற்பாடு செய்திருந்தது. பல்லைப் பார்த்தாள், சாணத்தைப் பார்த்தாள், ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து, நோய் ஒன்றும் இல்லை என்றாள். எடையைக் கணிக்கிற டேப்பை அவன் நெஞ்சைச் சுற்றி அளந்துவிட்டு, காப்பகம் எழுதியனுப்பியதைவிட அறுபது கிலோ இறங்கியிருக்கிறது என்றாள். பிறகு லாயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"இன்னொரு குதிரை எங்க ரைலி?"

இங்கேரி கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

"துணை உண்டு, நாள் முழுவதும்னு எழுதியிருக்கு."

"என்னைத்தான் எழுதினேன்."

இங்கேரி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். பிறகு அரைக்கதவில் சாய்ந்துகொண்டு விளக்கினாள். பந்தய லாயத்தில் நாற்பது குதிரை வரிசையாக நிற்கும். பிறந்ததிலிருந்து இவன் கதவுக்கு வெளியே தலையை நீட்டினால், இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. காலையில் ஐந்து மணிக்கு எல்லாம் சேர்ந்து கிளம்பும், சேர்ந்து திரும்பும். இவன் வாழ்க்கையில் ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை. பக்கத்தில் துணைக்கு இன்னொன்று இல்லாத குதிரை தலை தாழ்த்தித் தின்னாது. தின்னும்போது காவலுக்கு யார் நிற்பது?

"நான் அதட்ட வரல," என்றாள். "ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். அதுக்குள்ள துணை வந்து, அவன் திங்க ஆரம்பிச்சிட்டா நல்லது. இதே மாதிரி இருந்தா அவன நான் குளிர்காலத்துக்குள்ள விட மாட்டேன். ஊசி போட்டு முடிச்சு வைக்க வேண்டியிருக்கும் ரைலி. திருப்பி அனுப்புறதுக்கு அவன் உடம்புல தெம்பு இல்ல."

அவள் கார் போன பிறகு ரைலி லாயத்திலேயே நின்றாள். தனிமை என்றால் என்னவென்று இந்த ஊரிலேயே அதிகம் தெரிந்தவள் அவள். அதையே கொண்டுவந்து ஒரு வாயில்லாத ஜீவனுக்குக் கொடுத்திருக்கிறாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. இன்னொரு குதிரை சும்மா கிடைத்தாலும், அதற்குக் குளிர்காலத் தீனி வாங்க, விற்பதற்கு இன்னொரு படகு இல்லை.

நடந்து போகிற தூரத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் குதிரை இருந்தது. கௌக்கோவின் வீடு, ஒன்றரை கிலோமீட்டர். கௌக்கோவுக்கு எழுபத்தைந்து வயது, விறகு வெட்டி இழுக்கிற வேலை பார்த்தவர். மனைவி இர்யா இரண்டு வருடமாக டவுன் முதியோர் இல்லத்தில். புதன்கிழமைதோறும் போய்ப் பார்ப்பார், அவளுக்கு இவர் யாரென்று தெரியாது. வீட்டில் அவரும் பீக்கு என்கிற பெண் குதிரையும்தான். எங்கள் நாட்டுக் குதிரை, செம்பழுப்பு, வயது இருபத்தாறு, இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக ரைலி ஒரு வீட்டுக் கதவைப் போய்த் தட்டினாள்.

கௌக்கோ கதவைத் திறந்து, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ரைலி. அயர்லாந்து மாப்பிள்ள வந்து ரெண்டு மாசமாச்சு, ஊருக்கு ஒரு வாய் காப்பி கிடையாதாமே? அவ்வளவு ரகசியக் கல்யாணமா?"

ரைலிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு, காப்பி போட்டு வைத்துக்கொண்டு நான்தானே காத்திருந்தேன், யாருமே எட்டிப் பார்க்கவில்லையே என்றாள். கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவது என்றார் அவர். பிடரி விருந்து வைக்காமல் குதிரையை மறைத்து மறைத்து வைத்தால் ஊர் என்ன நினைக்கும்? இந்த மனுஷிக்கு யாரும் வேண்டாம் போலிருக்கிறது என்றுதான் நினைக்கும். பேசப் பேச ரைலிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் வாங்கவே இல்லையே, அவர்கள் கொடுத்தார்கள், அதற்குப் போய் விருந்தா என்று திக்கித் திணறிச் சொன்னாள்.

"லாரிக்குக் காசு குடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீ வாங்கினதுதான். ஞாயித்துக்கிழம வை. நான் பீக்குவையும் கூட்டிக்கிட்டு வர்றேன்." பிறகு, அவள் இன்னும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்: "வந்துட்டுப் போவோம். அவள அங்க விட்டுட்டு வர மாட்டேன். கேக்காத. வீட்ல மூச்சு விடுறது அவ ஒருத்திதான்."

ரைலி கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு நாங்கள் பதினேழு பேர் போனோம். முதல் பனி கணுக்கால் அளவுக்கு விழுந்திருந்தது. எட்டுக் கோப்பை போதாமல், பள்ளிக்கூடம் மூடும்போது அவள் எடுத்துவைத்திருந்த அலுமினியக் குவளைகள் வெளியே வந்தன. உறைபெட்டியிலிருந்த ஏழு சனிக்கிழமைப் பன்னும் காலியாயிற்று. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை, மூன்று வருடத்தைப் பற்றிப் பேசவும் இல்லை; எங்களுக்கு அதெல்லாம் வராது. அந்தப் போர்வைத் தையலைப் புகழ்ந்தோம். குதிரையின் விலா எலும்பைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினோம். அவன் எங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றான். பதினேழு பேர் அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

கௌக்கோ சொன்னபடி கடைசியாக வந்தார். சாலைத் திருப்பத்தில் பீக்கு தெரிந்ததுதான் தாமதம், ரோனன் ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், முற்றத்திலிருந்த அத்தனை பேச்சும் நின்றுபோயிற்று. இரண்டு மாதத்தில் ரைலி அவன் குரலைக் கேட்டதே இல்லை. அவனுக்கும் குரல் இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பீக்கு ஏதோ சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு, இடுப்பை இழுத்து இழுத்து நடந்துவந்து வேலிக்குள் நுழைந்தாள். அவன் நெஞ்சால் இடித்துக்கொண்டு வந்தான். அவள் காதைப் பின்னால் மடக்கி ஒரு கடி கொடுத்தாள். அதன் பிறகு இரண்டும் கழுத்தோடு கழுத்து உரசி நின்றன. ரைலி ஒரு கட்டுப் புல்லைக் கொண்டுவந்து பனிமேல் போட்டாள். பீக்கு தின்ன ஆரம்பித்தாள். ரோனன் அவளைப் பார்த்தான், தலையைத் தாழ்த்தினான், தின்றான். புல்லை அரைக்கிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. ரைலி இன்னொரு கட்டு கொண்டுவந்தாள். அப்புறம் இன்னொன்று. முகத்தைத் துடைக்கக்கூட மறந்து ஓடி ஓடிக் கொண்டுவந்தாள்.

மூன்று மணிக்கு வெளிச்சம் குறைந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கௌக்கோ பீக்குவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலிக் கதவைத் திறந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பீக்கு சாலைக்கு வந்ததும் ரோனன் வேலியோரமாக ஓட ஆரம்பித்தான். கிழிந்த காலை வைத்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினான். திரும்புகிற இடத்தில் பனியில் சறுக்கி முழங்கால் போட்டு, எழுந்து, மறுபடி ஓடினான். கத்திக்கொண்டே இருந்தான். ரைலி கையை நீட்டிக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு போனான், ஒரு கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போவதுபோல. அவள் கையிலிருந்த பன்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

அவள் நின்றாள். அப்போது அவள் மனசில் என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் பின்னால் ஒரு நாள் அவளே சொன்னாள். கௌக்கோவின் காலில் விழுந்தாவது பீக்குவை இங்கே கட்டிவிடலாமா என்று நினைத்தாளாம். அவர் காலியான லாயத்தைத் திறந்து பார்க்கிற காலை நேரம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்ததாம். அந்தக் காலை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். யாராவது ஒருவர் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் தானே பார்த்துவிடலாம் என்று தோன்றியதாம்.

"கௌக்கோ, நில்லுங்க," என்று சாலையைப் பார்த்துக் கத்தினாள். "உங்க லாயத்துல இடம் இருக்கா?"

அவர் திரும்பி நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஐம்பதடி பனி.

"இருக்கு," என்றார்.

ரோனனுக்குக் கயிறு மாட்டினாள். போர்வையைப் போர்த்தி முடிச்சுப் போட்டாள். பீக்கு முன்னால், அவன் பின்னால், ஒன்றரை கிலோமீட்டரும் அவன் மூக்கு அவள் வாலை விட்டு நகரவில்லை. அவனைப் பக்கத்துத் தடுப்பில் விட்டு, போர்வை முடிச்சை இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டு, அவள் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

ஒரு வாரம் கழித்து, வைத்த கெடு முடிந்ததும், இங்கேரி கௌக்கோவின் முற்றத்துக்கு வந்தாள். டேப்பைச் சுற்றினாள், மறுபடி ஒருமுறை சுற்றினாள், பதினாறு கிலோ ஏறியிருக்கிறது என்றாள். ஊசி என்ற பேச்சே இனி இல்லை. ஆனால் குதிரை யார் கூரைக்குக் கீழே நிற்கிறதோ அவர் பெயரில்தான் தாள் இருக்க வேண்டும் என்பது காப்பகத்தின் சட்டம். ரைலியின் பெயரை அடித்துவிட்டுக் கௌக்கோவின் பெயரை எழுத வேண்டும், ரைலி கையெழுத்துப் போட வேண்டும். கௌக்கோ, எனக்கு வேண்டாம், அவள் பெயரே இருக்கட்டும் என்று முனகினார். இங்கேரி தலையை ஆட்டினாள். ரைலி பேனாவை வாங்கி, தாளைக் காரின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒன்பதாவது கேள்விக்கு நேரே இங்கேரி புதிதாக ஒரு வரி எழுதினாள்: ஒரு பெண் குதிரை, பெயர் பீக்கு.

கார் போயிற்று. ரைலி வேலியில் முழங்கையை ஊன்றி நின்றாள். ரோனனும் பீக்குவும் முற்றத்துக் கோடியில் ஒரே புல்கட்டில் தலையைப் புதைத்திருந்தன. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, மறுபடி அந்தப் பக்கம் போயிற்று. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். தலை நிமிரவில்லை.

கௌக்கோ பக்கத்தில் வந்து நின்றார்.

"என் ஜன்னலையே பாத்துக்கிட்டு நிப்பான்," என்றாள் ரைலி. "நாளெல்லாம். நான் சாப்பிடுறதையே பாத்துக்கிட்டு நிப்பான். என்னை அவனுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

கௌக்கோ பொய் சொல்லிப் பழகாத மனிதர். அவர் அப்படிச் சொன்னது அவள்மேல் இரக்கம் இல்லாமல் அல்ல.

"அந்த முற்றத்துல அசையிறது நீ ஒருத்திதானே ரைலி," என்றார். "வேற எத அவன் பாப்பான்?"

அவள் தலையை ஆட்டினாள். உண்மைதான் என்று அவளுக்கும் தெரிந்தது. அழுதாள், என்சியோவைப் புதைத்த நாளில்கூட அவள் இப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல், சத்தமாகவே அழுதாள். கௌக்கோ கிட்டேயும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கோடியில் ரோனன் புல்கட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று, விட்ட இடத்திலிருந்து தின்ன ஆரம்பித்தான்.